நால்வர் பெய்வித்த மழை: டோக்கியோவின் வத்தனபே அச்சுப் பதிப்பகம்

நிறுவன வரலாறு எழுதுவோர் நிறுவியவரின் படத்தோடு தொடங்குவது விழா மலர்களின் மரபு. இது மரக்கட்டை அச்சுக்கலைஞர்களுக்கான மலர் என்பதால், நிறுவியவருக்கு முன்னால் அவர் வெளியிட்ட படமொன்றைப் பார்த்துவிடுவோம். 1926-இல் வெளிவந்த படம். பெயர் 'ஷின்-ஓஹாஷி'. டோக்கியோ நகரில் சுமிதா ஆற்றின் மேல் நின்ற இரும்புப் பாலம். இரவு நேரம், விடாத மழை. பாலத்தின் சட்டங்கள் கறுத்து உயர்ந்து நிற்கின்றன. விளக்கொளி நனைந்த தரையில் மஞ்சளாக வழிகிறது. அந்த வெளிச்சத்தின் குறுக்கே ஒரு கைரிக்‌ஷா போகிறது. வேறு ஆள் நடமாட்டம் பெரிதாக இல்லை.

வரைந்தவர் கவாசே ஹசுய். 'டோக்கியோ இருபது காட்சிகள்' என்ற வரிசையில் இது ஒன்று. அந்த வரிசையில் உலகம் முழுக்கக் கொண்டாடுவது, ஷிபா பகுதியின் ஸோஜோ-ஜி கோயிலின் சிவப்பு வாயில் முன்னே பனியில் குடை பிடித்துச் செல்லும் பெண்ணின் படத்தைத்தான். 1925-இல் வந்த அது சுமார் 3,000 படிகள் விற்றது. என் மனம் என்னவோ பாலத்தின் பக்கமே சாய்கிறது. சிவப்பு வாயிலும் வெண்பனியும் எவர் கண்ணையும் இழுக்கும். இரும்புச் சட்டமும் இருட்டும் மழைத்தண்ணீரும் அப்படி இழுக்கக்கூடியவை அல்ல. அவற்றைக் கொண்டு ஒரு நகரத்தையே மனத்தில் நிறுத்துவது பெரிய காரியம்.

அந்தப் பாலத்தின் கதை தெரிந்தால் படம் இன்னும் ஆழமாகும். அந்தப் பெயரில் முதல் பாலம் 1693-இல் மரத்தால் கட்டப்பட்டது. அப்போது பக்கத்திலுள்ள ஃபுககாவாவில் வாழ்ந்த கவிஞர் பாஷோ அதைப் பாடியிருக்கிறார். 1857-இல் ஓவியர் ஹிரோஷிகே அதே பாலத்தில் திடீரென்று பிடித்த மழையையும், குடையும் பாயும் தலைக்கு மேல் பிடித்து ஓடும் மக்களையும் அச்சில் கொடுத்தார். அந்தப் படத்தைத்தான் 1887-இல் வான்கோ எண்ணெய் வண்ணத்தில் பிரதி செய்து பார்த்தார். மரப்பாலம் போய் 1912-இல் இரும்புப் பாலம் வந்தது. 1923 செப்டம்பர் 1 அன்று நண்பகலுக்குச் சற்று முன் நிலம் நடுங்கியது. தொடர்ந்து எழுந்த தீயில் சுமிதா ஆற்றின் பாலங்கள் பல எரிந்தன. மரத்தளம் போட்டவை நிற்கவில்லை. ஷின்-ஓஹாஷி நின்றது. இரு கரையிலும் நெருப்பு சூழ்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் அதன் மேல் ஏறி உயிர் பிழைத்தார்கள். மூட்டை முடிச்சோடு வந்தவர்களைக் காவலர்கள் வற்புறுத்தி, தீப்பற்றக்கூடிய சுமைகளைப் போட்டுவிட வைத்தார்கள் என்பார்கள். உயிர் காத்த பாலம் என்றே அந்த வட்டாரத்து மக்கள் அதைச் சொல்லிவந்தார்கள்.

இதெல்லாம் நடந்து மூன்று ஆண்டுக்குள் ஹசுயின் படம் வருகிறது. அதை வாங்கிய டோக்கியோவாசிக்கு அந்த இரும்புச் சட்டங்கள் என்ன சொல்லியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். படத்தில் நிலநடுக்கத்தின் சுவடு ஒன்றுகூட இல்லை. தீ எரிந்த இடத்தில் மழை பெய்கிறது, அவ்வளவுதான்.

இந்த மழையை ஹசுய் பெய்வித்தார் என்றுதான் எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. அவர் பெய்வித்தது கால் பங்கு. செதுக்கியவர் ஒருவர், அச்சிட்டவர் ஒருவர், இந்த மூவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, கூலி கொடுத்து, தாளும் பலகையும் வாங்கிப் போட்டு, 'போதாது, மறுபடியும் போடு' என்று சொன்ன பதிப்பாளர் ஒருவர். அந்த நான்காமவர்தான் வத்தனபே ஷோசபுரோ. அவர் நிறுவிய பதிப்பகம் இல்லையென்றால் ஹசுய் நல்ல நீர்வண்ண ஓவியராக வாழ்ந்து மறைந்திருப்பார் என்பது என் துணிபு.

வத்தனபே 1885-இல் இபராகி மாவட்டத்தில் பிறந்தவர். பதினேழு வயதில், பழைய அச்சுப் படங்களை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்த கொபயாஷி புன்ஷிச்சி என்ற வணிகரின் யோகோஹாமா கடையில் வேலைக்குச் சேர்ந்தார். உத்தமரோ, ஹொக்குசாய், ஹிரோஷிகே ஆகியோரின் படங்களை வெளிநாட்டார் தேடித் தேடி வாங்குவதை அங்கே தினமும் பார்த்தார். ஊரிலோ அந்தக் கலை இறுதி மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரம். கல்லச்சும் புகைப்படமும் செய்தித்தாளும் வந்தபின் மரக்கட்டைப் படத்துக்கு வேலை இல்லை. செதுக்கத் தெரிந்தவர்களும் அச்சிடத் தெரிந்தவர்களும் பழைய படங்களின் நகல் போட்டு வயிறு கழுவினார்கள். அந்தக் கைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, அவற்றுக்குப் புதுப் படம் கொடுக்க ஆள் இல்லை என்பதை இளைஞர் வத்தனபே கண்டுகொண்டார். 1906-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கி, 1909-இல் டோக்கியோவின் கியோபாஷியில் தன் பெயரிலேயே அச்சுக்கடை வைத்தார். தொடக்கத்தில் பிழைப்புக்காக, தகஹாஷி ஷோதேய் என்பவரைக் கொண்டு சுற்றுலாப் பயணிகளுக்கான சிறு இயற்கைக் காட்சிப் படங்களைப் போட்டார். அந்த வருமானம்தான் பின்னால் வந்த துணிச்சலுக்கெல்லாம் முதல்.

அந்தத் துணிச்சலின் ஆண்டு 1915. புதிய அச்சு இயக்கம் என்று பெயர் பெற்றது அப்போதுதான் தொடங்கியது. ஃபிரிட்ஸ் கப்பெலாரி என்ற ஆஸ்திரிய ஓவியரின் நீர்வண்ணப் படங்களைக் கண்டு, அவரை மரக்கட்டைக்கு வரையச் சொன்னார். அதே ஆண்டில் ஹஷிகுச்சி கோயோவின் குளிக்கும் பெண் படம் வந்தது. கோயோவுக்கும் வத்தனபேக்கும் ஒத்துப்போகவில்லை; அவர் விலகித் தனியே அச்சிட்டார். 1916-இல் இளைஞர் இதோ ஷின்சுய் வந்து சேர்ந்தார். இந்தியா வழியாக ஜப்பான் வந்திருந்த ஆங்கிலேயர் சார்லஸ் பார்ட்லெட்டின் தாஜ்மஹால், காசி, உதய்ப்பூர் காட்சிகளும் அதே 1916-இல் இந்தக் கடையின் கட்டைகளில் ஏறின. டோக்கியோவின் செதுக்குநர்கள் உளியெடுத்துத் தாஜ்மஹாலைச் செதுக்கிய செய்தி நம் வாசகர்களுக்குப் புதிதாக இருக்கும்.

ஹசுய் வந்தது 1918-இல். ஷிபாவில் 1883-இல் பிறந்தவர், இயற்பெயர் புன்ஜிரோ. குடும்பத் தொழிலான பட்டுக்கயிற்று வணிகத்தைச் சுமந்துகொண்டே ஓவியம் பழகி, இருபத்தைந்து கடந்த பிறகு ஓவியர் கபுராகி கியோகதாவிடம் மாணவராகச் சேர விரும்பினார். வயது தாண்டிவிட்டது என்று முதலில் திருப்பியனுப்பிய கியோகதா பின்னர் ஏற்றுக்கொண்டு, ஹசுய் என்ற பெயரையும் சூட்டினார். உடன் பயின்ற ஷின்சுய் ஓமி பகுதியின் எட்டுக் காட்சிகளை வத்தனபேக்கு வரைந்திருந்தார். அந்தப் படங்கள் ஹசுயை அப்படியே ஈர்த்துவிட்டன. சிறுவயதில் பழகிய ஷியோபரா மலைப்பகுதியை மூன்று படங்களாக வரைந்து கொண்டுபோய் வத்தனபேயிடம் கொடுத்தார். அதன்பின் சாகும்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டு அந்த உறவு நீடித்தது.

மழைக்கு வருவோம். மரக்கட்டையில் மழை எப்படிப் பெய்கிறது என்பதைத் தொழில் தெரிந்தவர்களே படிக்கும் மலரில் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம்.

ஓவியர் கோட்டுப் படத்தை மெல்லிய தாளில் வரைந்து தருவார். செதுக்குநர் அந்தத் தாளை முகம் கீழாக மலைச்செர்ரிப் பலகையில் ஒட்டி, பின்புறத்தைத் தேய்த்துக் கோடுகளை வெளிக்கொணர்ந்து, கோட்டை விட்டுச் சுற்றியுள்ள மரத்தை எடுப்பார். இது மூலக் கட்டை. அதிலிருந்து எடுத்த படிகளில் எந்த நிறம் எங்கே என்று ஓவியர் குறித்துத் தர, நிறத்துக்கு ஒன்றாக மற்றக் கட்டைகள் செதுக்கப்படும். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு மூலையில் 'ட' போல ஒரு வெட்டும், விளிம்பில் நேரான ஒரு வெட்டும் இருக்கும். தாளை அந்த இரண்டிலும் முட்டவைத்துப் போட்டால்தான் நிறம் நிறத்தின் மேல் சரியாக உட்காரும். எங்கள் பட்டறையில் புதிதாக வருகிறவர்கள் முதலில் தவறவிடுவது இந்த முட்டுகளைத்தான்.

மழைக்கோட்டைக் கருமையாக அச்சிட வேண்டுமானால் முடி போன்ற மரவரம்புகளை மட்டும் மேலே நிறுத்தி மீதியை எடுக்க வேண்டும். ஒரு வரம்பு உடைந்தால் அந்தத் துளி மழை போயிற்று. ஹிரோஷிகேயின் பாலத்து மழைக்கு இரண்டு கட்டைகள். ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்ட சாய்வில் கோடுகள். காற்று திசை மாறிமாறி அடிப்பது அதனால்தான் தெரிகிறது. வெளிச்சத்தில் மின்னும் வெண்மழை வேண்டுமென்றால் வேலை தலைகீழ்: நிறக் கட்டைகளில் கோட்டைத் தோண்டி எடுக்க வேண்டும், அதுவும் எத்தனை கட்டைகள் அந்த இடத்தில் படுகின்றனவோ அத்தனையிலும் அதே இடத்தில்.

நனைந்த தரையின் பளபளப்பு அச்சிடுநரின் கையில். அதைக் கட்டையில் செதுக்க முடியாது. கட்டையின் ஒரு பகுதியை ஈரத்துணியால் துடைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் நிறத்தைத் தூரிகையால் இட்டுத் தேய்க்க, அடர்த்தி மெல்ல மெல்லக் கரைந்து வெளிறும். மூங்கில் மட்டை போர்த்திய பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் தாளின் முதுகை அழுத்தித் தேய்ப்பார். ஒரு படிக்குச் செய்ததை அடுத்த படிக்கும், அதற்கடுத்த படிக்கும் கண்ணளவால் அப்படியே செய்ய வேண்டும். இரவின் கருநீலம் ஒரே தடவையில் கிடைப்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தடவை ஏற்றி எடுப்பது. கோசோ நாரில் செய்த தாள் இத்தனை நேரமும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் நிறம் விலகும்.

வத்தனபேயின் பதிப்பகம் செய்த புதுமை இங்கேதான். பழைய நகல் அச்சில் பாரென் தடம் தெரிந்தால் குறை. வத்தனபே அந்தத் தடத்தை வேண்டுமென்றே விடச் சொன்னார். வானத்தில் சுழலும் தேய்ப்புத் தடங்களும், அழுத்தம் குறைத்து எடுத்த புள்ளிப் புள்ளியான பரப்பும் இந்தப் படங்களில் காற்றாகவும் ஈரமாகவும் மாறின. அச்சிடுநரின் கை படத்துக்குள் வெளிப்படையாக நுழைந்தது. அதற்காகவே இந்த நிறுவனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனால் அந்தக் கைகளின் பெயர்களை எல்லாப் படத்திலும் காண முடியாது. பின்னால் தொழிலுக்கு வந்த தோய் என்ற பதிப்பாளர், சுசியா கோய்த்சுவின் நகரக் காட்சிகளை வெளியிட்டபோது, ஓரத்தில் செதுக்கியவர், அச்சிட்டவர் இருவர் பெயரையும் சேர்த்தே அச்சிட்டார். அந்தச் சின்ன வரியைப் பார்க்கும்போதெல்லாம் மனம் குளிரும். எல்லாப் பதிப்பகங்களும் அப்படிச் செய்திருக்க வேண்டும்.

1923-இன் தீ இந்தக் கடையையும் விடவில்லை. செதுக்கி வைத்த கட்டைகள், அச்சிட்டு வைத்த படிகள் எல்லாம் சாம்பல். எட்டு ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய புதிய அச்சு இயக்கத்தின் மூலதனமே அந்தக் கட்டைகள்தான். ஹசுயின் வீட்டில் 188 வரைவேடுகள் எரிந்தன. ஊர் ஊராக நடந்து வரைந்து சேர்த்தவை. கையில் எதுவும் இல்லாத ஓவியர், கையில் எதுவும் இல்லாத பதிப்பாளர். வத்தனபே செய்தது, ஹசுயை மீண்டும் பயணம் போகச் சொன்னது. அந்த அக்டோபரில் கிளம்பியவர் 102 நாள் சுற்றிப் புதிய ஏடுகளோடு திரும்பினார். நெருப்புக்கு முன் அச்சான படிகள் இன்று அரியவை. அதற்குப் பின் வந்தவைதான் உலகம் அறிந்த ஹசுய். 'டோக்கியோ இருபது காட்சிகள்' 1925 முதல் 1930 வரை வெளியானது, அதாவது நகரம் தன்னை மறுபடி கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில். பெரும்பாலான படங்களில் கட்டுமானப் பணியின் இரைச்சல் இல்லை. தப்பிப் பிழைத்தவற்றையே ஹசுய் தேடித் தேடி வரைந்தார் என்று தோன்றுகிறது. ஸோஜோ-ஜியின் வாயில் 1622-இல் கட்டியது, ஷின்-ஓஹாஷி நெருப்பைத் தாங்கியது.

மழை அவருக்கு விட்டுப்போகவே இல்லை. ஓகயாமாவின் உச்சியாமாஷிதா மழை 1923-இல், ஷினகாவா மீனவர் குப்பத்து மழைக்காலம் 1931-இல், கோகோகு-ஜி கோயிலின் வசந்த மழை 1932-இல் என்று வந்துகொண்டே இருந்தன.

இந்தக் கடையின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கடல் கடந்தவர்கள். 1930-இல் அமெரிக்காவின் டொலிடோ கலைக்கூடம் முந்நூறுக்கு மேற்பட்ட புதிய அச்சுப் படங்களை வைத்துப் பெரிய கண்காட்சி நடத்தியது, 1936-இல் இன்னொன்று. அக்காலத்தில் கல்லூரி மாணவராயிருந்த ராபர்ட் முல்லர் என்ற அமெரிக்கர், ஹசுயின் கியோசு பாலப் படம் ஒன்றை வாங்கியதில் தொடங்கி வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1940-இல் தேன்நிலவுக்கே ஜப்பான் போய் வத்தனபேயைச் சந்தித்தார். நாலாயிரத்துக்கு மேற்பட்ட அவரது படங்கள் 2003-இல் அவர் மறைந்தபின் வாஷிங்டனின் சாக்லர் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. புதிய அச்சு இயக்கத்தை அறிஞர்கள் முழுதாக ஆராயத் தொடங்கியதற்கு அந்தத் தொகுப்பு பெரிய காரணம்.

ஊருக்குள் எதிர்ப்பும் இருந்தது. ஓவியரே வரைந்து, செதுக்கி, அச்சிட்டால்தான் அது படைப்பு என்றது ஒரு அணி. யமமோத்தோ கனாயே 1904-இல் தன் கையாலேயே செதுக்கி அச்சிட்ட மீனவர் படத்தை அவர்கள் முன்னோடியாக வைத்தார்கள். அவர்கள் பார்வையில் வத்தனபே ஒரு வியாபாரி, ஹசுய் வெளிநாட்டாருக்கு அழகு காட்டுபவர். இந்த வாதத்தின் முதற்பாதியை நான் மதிக்கிறேன். அந்த அணி தந்த படங்கள் அருமையானவை. இரண்டாம் பாதியை ஏற்க மாட்டேன். பலர் சேர்ந்து செய்ததனால் ஒரு கலை தாழ்ந்துவிடும் என்றால் கோயில் கட்டிய தச்சரையும் செப்புத்திருமேனி வார்த்தவரையும் என்ன சொல்வது?

இரண்டுக்கும் நடுவே நின்றவர் யோஷிதா ஹிரோஷி. 1920 முதல் வத்தனபேக்கு வரைந்தவர். அவர் படங்களின் கட்டைகளும் நெருப்பில் போயின. பிறகு 1925-இல் தன் சொந்தப் பட்டறையை வைத்து, செதுக்குநரையும் அச்சிடுநரையும் தானே மேற்பார்த்தார். 1930–31-இல் இந்தியா வந்து சென்றார். அந்தப் பயணத்தில் விளைந்த படங்களில் மதுரைக் கோயிலும் உண்டு. மதுரை மரக்கட்டையில் ஏறிய அந்தப் படத்துக்கு இம்மலரைப் படிக்கும் நம்மவர் எவரும் சொந்தம் கொண்டாடலாம்.

போர் ஆண்டுகளில் தாளும் தட்டுப்பாடு, ஆட்களும் தட்டுப்பாடு. ஹசுய் ஷியோபராவுக்கு ஒதுங்கினார். போர் முடிந்து வந்த அமெரிக்கப் படையினரும் அவர்கள் குடும்பத்தாரும் புதிய வாடிக்கையாளர் ஆனார்கள். கப்பல் நிறுவனத்தின் நாள்காட்டிக்கும் வாழ்த்து அட்டைக்கும் கடை அச்சிட்டது. நிறுவனம் உயிரோடிருக்க அதுவும் வேண்டியிருந்தது. அந்த வேலையால் செதுக்குநரின் உளி துருப்பிடிக்காமல் இருந்தது.

பிறகு அரசின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக் குழு, இந்தச் செய்முறையை முழுமையாகப் பதிவு செய்து வைக்க ஷின்சுயையும் ஹசுயையும் தேர்ந்தெடுத்தது. ஹசுய் மீண்டும் ஸோஜோ-ஜிக்கே போனார். 1953-இன் 'ஸோஜோ-ஜியின் பனி' 42 தடவை அச்சேறியது. வரைவிலிருந்து கடைசித் தேய்ப்புவரை ஒவ்வொரு படியும் ஆவணமானது. ஒரு தாள் நாற்பத்திரண்டு முறை கட்டையின் மேல் முட்டுவைத்துப் போடப்பட்டு, ஒரு முறையும் விலகாமல் எடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அச்சிடத் தெரிந்த எவரும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஹசுய் 1957 நவம்பரில் மறைந்தார். ஹிராய்சுமியின் பொன்மண்டபத்தைப் பனியில் காட்டும் அவருடைய கடைசிப் படத்தைப் பதிப்பகம் முடித்து, அவருடைய நூறாம் நாள் நினைவில் நண்பர்களுக்கு வழங்கியது. வத்தனபே ஷோசபுரோ 1962-இல் மறைந்தார். இரும்பு ஷின்-ஓஹாஷி 1977-இல் புதுப் பாலத்துக்கு இடம் கொடுத்தது. அதன் ஒரு பகுதியை இனுயாமாவில் உள்ள மெய்ஜி-முரா திறந்தவெளி அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள்.

பதிப்பகம் இன்றும் கின்சாவில், குடும்பத்தார் கையில் நடக்கிறது. பழைய கட்டைகளிலிருந்து மறுபடிகளும் எடுக்கிறார்கள். சேகரிப்போர் இதைக் குறைத்துப் பேசுவதுண்டு. மறுபடி எடுப்பதால்தான் இளம் அச்சிடுநர் ஹசுயின் இரவைக் கையால் கற்கிறார் என்பது என் பக்கம். முதற்படியா மறுபடியா என்று அறிய ஓரத்து முத்திரையைப் பார்க்க வேண்டும். போருக்கு முன் உரிமை எழுதிய நீள் முத்திரைகள், போருக்குப் பின் சிறு வட்ட முத்திரை, பிந்தைய படிகளுக்கு வேறு அடையாளம். முத்திரைகள் வைத்தே அந்தப் பதிப்பகத்தின் காலவரிசையைப் படித்துவிடலாம்.

எங்கேனும் அருங்காட்சியகத்தில் இந்தப் படங்களைப் படிப்பறையில் பார்க்க அனுமதி கிடைத்தால், முன்பக்கம் பார்த்தபின் தாளைத் திருப்பிக் காட்டும்படி கேளுங்கள். நிறம் நாருக்குள் ஊறிப் பின்பக்கம் வரை வந்திருக்கும். பாரென் போன வழி வட்ட வட்டமாகத் தெரியும். பெயர் எழுதாத அச்சிடுநர் எந்த இடத்தில் அழுத்தினார், எந்த இடத்தில் கையைத் தளர்த்தினார் என்பதை அங்கே விரல் வைக்காமலே எண்ணலாம்.